தலைகீழாக மாட்டிய பக்கம்

ஜனவரி 21

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. காரியமெல்லாம் முடிந்து நான் ஊர் வந்து சேர்ந்துவிட்டேன். நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவே கை கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? அவள் கொஞ்சமாவது தூங்குகிறாளா?

போன் செய்தேன். நீ "ம்" என்றாய், நானும் "ம்" என்றேன், வைத்துவிட்டோம். அதனால்தான் கடிதம். அம்மா போன பிறகு நீ விடுதியில் தங்கிப் படித்தபோது இப்படித்தானே எழுதிக்கொண்டோம்.

கிளம்பும்போது உன் மனைவி என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கடையில் அத்தனை குழந்தைக் கட்டில்கள் இருந்தும் அதுதான் வேண்டும் என்று கை காட்டியவள் நான். அட்டைப்பெட்டியைப் பிரித்து, கட்டைகளைத் தரையில் பரப்பி, புத்தகத்துப் படத்தைப் பார்த்துப் பார்த்து மாட்டியவளும் நான். பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து திருகு வந்த பிளாஸ்டிக் உறையைக் கசக்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம்தான் இப்போது எதைத் தொட்டாலும் கேட்கிறது.

கட்டிலின் ஏற்றி இறக்கும் பக்கத் தடுப்பு அடியில் இளகி, மெத்தைக்கும் அதற்கும் நடுவே விழுந்த சந்தில் பாப்பா நழுவி, மூச்சு முட்டிப் போய்விட்டாள் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்களே, அதற்குமேல் ஏதாவது தெரிந்ததா? எப்படி இளகியது? தெரிந்தால் எழுது. தெரியாவிட்டாலும் எழுது.

அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல். பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். மருந்துக்கடையில் வேலைக்குத் திரும்பிவிட்டேன். இருமலுக்கு மருந்து கேட்டு யாராவது குழந்தையோடு வந்தால் பக்கத்துப் பையனை எடுத்துக் கொடுக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறேன்.

ஒரு வக்கீலைப் பார்த்தோம். கட்டில் கம்பெனிமேல் வழக்குப் போடலாம் என்கிறார். கட்டிலை ஒரு பொறியாளரிடம் கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள். ஏற்றி இறக்கும் பக்கம் தலைகீழாக மாட்டப்பட்டிருந்ததாம். ஆனால் வக்கீல், "இது நமக்குச் சாதகம்தான், பயப்படாதீங்க" என்றார். நீயும் பயப்படாதே.

இன்னொன்று. இனிமேல் கடை விலாசத்துக்கே எழுது. உன் கையெழுத்தைப் பார்த்தாலே அவள் உடைந்துபோகிறாள். கொஞ்ச நாள் போகட்டும்.

அன்புடன்,
தம்பி


மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. தலைகீழாக என்ற சொல்லில் நின்றுவிட்டேன். அன்றைக்கு என் வேலை என் மேசையில் அப்படியே கிடந்தது.

சட்டைக் கம்பெனியில் தரம் பார்க்கிற என் வேலைதான் உனக்குத் தெரியுமே. மேசைக்கு எதிரே மாதிரிச் சட்டை ஒன்று தொங்கும். தைத்து வருகிற சட்டை அதைப்போல இல்லையென்றால் பழுது, தூக்கிப்போடு. இருபக்கக் காலரும் ஒரு நூல் ஏறி இறங்கியிருந்தால்கூட என் கண்ணுக்குத் தப்பாது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டா தலைகீழாக மாட்டினேன்? நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். "டக்" என்று பூட்டிக்கொண்டது நினைவிருக்கிறது. இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. மற்றதெல்லாம் புகையாக இருக்கிறது. நான்தான் மாட்டினேன், அது தலைகீழாக இருந்திருக்கிறது. வேறு என்ன சொல்ல.

சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தி மகள் குழந்தையோடு வந்திருக்கிறாள். குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டேன். சித்தி சமையல்கட்டிலிருந்து ஓடிவந்து, "பால் குடிக்கிற நேரம்மா, குடு" என்று வாங்கிக்கொண்டு போனாள். அது அப்போதுதான் பால் குடித்துவிட்டுத் தூங்கியிருந்தது.

அவளிடம் என்னை மன்னிக்கச் சொல் என்று எழுதத் தோன்றுகிறது. வேண்டாம், ஒன்றும் சொல்லாதே. நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அவளும் பரவாயில்லை. நீ எழுதியிருந்த சட்டை விஷயத்தை வக்கீலிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"உங்க அக்கா சொல்றது ஒரு வகைப் பழுது. மாதிரி நல்லா இருக்கும், செஞ்சது கோணலா வந்திருக்கும். இந்தக் கட்டில்ல அது இல்லை. மரம், திருகு, கொக்கி எல்லாம் கம்பெனி வரைபடப்படியே இருக்கு. ஆனா வரைபடமே தப்பா இருந்தா? மாதிரிச் சட்டையே கழுத்தை இறுக்கினா? அதுவும் பழுதுதான்."

எனக்கும் அப்போதுதான் புரிந்தது. அந்தப் பக்கத்துக்கு மேலும் கீழும் ஒரே மாதிரிக் கட்டை. தலைகீழாக வைத்தாலும் பூட்டிக்கொள்ளும். ஆனால் அடிக்கொக்கி பாதிதான் உட்காரும், ஏற்றி இறக்க இறக்க இளகும். கட்டையின் ஓர் ஓரத்தில் மட்டும் சின்னதாக ஒரு முளை வைத்திருந்தால் தலைகீழாக மாட்டவே முடியாது. அதே கம்பெனியின் விலை கூடிய கட்டிலில் அந்த முளை இருக்கிறதாம். கம்பெனி கவனமாக இருந்ததா இல்லையா என்பதுகூடக் கேள்வி இல்லையாம். வாங்குகிறவர் எதிர்பார்க்கிற பாதுகாப்பு பொருளில் இருந்ததா, ஆபத்தைக் குறைக்கச் சுலபமான வேறு வழி இருந்ததா, இரண்டையும்தான் பார்ப்பார்களாம். புத்தகத்தில் அம்புக்குறி போட்டிருக்கிறோம் என்று அவர்கள் சொல்வார்கள். வடிவத்திலேயே தடுத்திருக்கக் கூடியதை ஒரு படத்தைப் போட்டுத் தப்பிக்க முடியாது என்று நாம் சொல்வோம்.

அதனால் தப்பாக மாட்டியதை மறைக்க வேண்டியதில்லை. சொன்னால்தான் வழக்கே நிற்கும். நீ வந்து சாட்சி சொல்ல வேண்டும். "அத்தை மாட்டினாங்களா? நல்லதாப் போச்சு. பெத்தவங்க மாட்டியிருந்தா, அவங்க அஜாக்கிரதைன்னு அதையே பிடிச்சுத் தொங்குவாங்க. கேள்வி கட்டிலை விட்டுட்டு உங்க மேல திரும்பிடும்" என்றார் வக்கீல்.

நீ பார்த்து வைத்துக்கொள்ள, போலீஸ் எடுத்த படங்களின் பிரதியை வைத்திருக்கிறேன். பாப்பா அவற்றில் இல்லை. தைரியமாகப் பார்.

அன்புடன்,
தம்பி


ஏப்ரல் 11

தம்பிக்கு,

நலம். படங்களைப் பார்த்தேன்.

கட்டில் உங்கள் படுக்கையறையில், அலமாரிக்குப் பக்கத்தில் நிற்கிறது. நான் அதை மாட்டியது முன்னறையில், ஜன்னலோரம். படுக்கையறைக்குள் வைக்கலாம் என்றுதான் முதலில் ஆசைப்பட்டோம். என் தையல் டேப்பால் கதவை அளந்தேன், கட்டிலை அளந்தேன், நுழையாது என்று தெரிந்தது. "உங்க தம்பி மாதிரியே இதுவும் பிடிவாதம்" என்று அவள் சிரித்தாளே, மறந்துவிட்டதா? கட்டிலை மாட்டிவிட்டு நான் ஊருக்குக் கிளம்பிய காலையிலும் பாப்பா முன்னறையில்தான் தூங்கிக்கொண்டிருந்தாள். அங்கேதான் குனிந்து முத்தம் கொடுத்தேன்.

பக்கத்தைக் கழற்றாமல் அந்தக் கதவில் கட்டில் நுழையாது. கழற்றியது யார்? திரும்ப மாட்டியது யார்?

கேட்கிறேன், அவ்வளவுதான். கோபமில்லை. பதில் எழுது.

அக்கா


ஜூன் 8

தம்பிக்கு,

நீங்கள் இருவரும் நலம்தானே? என் கடிதம் வந்ததா? கடையில் யாராவது வாங்கி எங்கேயாவது வைத்துவிட்டார்களோ என்று சந்தேகம். சாட்சி சொல்ல வரச்சொல்லி வக்கீல் ஆபீசிலிருந்து கடிதம் வந்துவிட்டது. உன்னிடமிருந்துதான் வரவில்லை.

அக்கா


ஜூன் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? மாத்திரை அனுப்பியிருக்கிறேன், சாப்பாட்டுக்குப் பிறகு போடு. வெறும் வயிற்றில் போடாதே.

உன் கடிதங்கள் வந்தன. கடையில் ஓயாத வேலை. கட்டிலைப் பற்றி ஏதோ கேட்டிருந்தாய். இப்போது அதெல்லாம் எதற்கு அக்கா? வழக்கு நல்ல இடத்துக்கு வந்து நிற்கிறது. இந்த நேரத்தில் புதிதாக எதையாவது கிளப்பினால் கம்பெனிக்காரர்களுக்குத்தான் கொண்டாட்டம். நீ மாட்டினாய் என்பது பொய்யில்லையே. அதைச் சொன்னால் போதும்.

அவள் இருக்கும் நிலையைச் சொன்னால் உனக்குத் தூக்கம் வராது. உன் பேரை எடுத்தாலே சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிடுகிறாள். இன்னும் ஒரு விஷயம் காதில் விழுந்தால் தாங்க மாட்டாள். அம்மா இல்லாத குறை தெரியாமல் என்னை வளர்த்தவள் நீ. இந்த ஒன்றையும் எனக்காகச் செய்.

முந்தின நாளே வந்துவிடு. வீட்டில் தங்க வேண்டாம், வக்கீல் ஆபீசுக்குப் பக்கத்தில் அறை போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
தம்பி


ஆகஸ்ட் 19

தம்பிக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். உன் முறை வரும்வரை உன்னை வெளியே உட்காரவைத்திருந்தார்கள். நான் வெளியே வந்தபோது நீ உள்ளே போய்விட்டாய். எனக்கும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. உள்ளே நடந்ததை எழுதுகிறேன்.

கட்டிலைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தியிருந்தார்கள், கண்டெடுத்தபடியே மறுபடி மாட்டி, ஒரு சீட்டுக் கட்டி. கூண்டில் ஏறி நின்றால் கைக்கெட்டும் தூரம். கம்பெனி வக்கீல் பார்க்க நல்ல மனிதர், அதட்டவே இல்லை.

"படிச்சவங்கதானேம்மா? புத்தகத்துல அம்புக்குறி இருந்ததைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். மேலே காட்டுச்சு."

"அப்போ அதன்படி மாட்டியிருக்கலாமே?"

"அம்பு காகிதத்துலதான் இருந்தது. மரத்துல இல்லை. மரத்துல ரெண்டு ஓரமும் ஒரே மாதிரி."

"சந்தேகம்னா கம்பெனிக்கு ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம் இல்லையா?"

"சந்தேகம் வரலைங்க. டக்குன்னு பூட்டிக்கிச்சு. பூட்டிக்கிட்ட பிறகு யாருக்குச் சந்தேகம் வரும்?"

நீதிபதி தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு எதையோ எழுதிக்கொண்டார். நம் வக்கீல் முகத்தில் சந்தோஷம். அப்போதுதான் நான் கட்டிலைச் சரியாகப் பார்த்தேன்.

பாப்பாவுக்கு அப்போது முன்பல் இரண்டு முளைத்திருந்தது. நின்றுகொண்டு மேல்கட்டையைக் கடிப்பாள், நான்கூட ஈரத்துணியால் துடைத்துவிடுவேன். அந்தப் பல் தடம் கட்டையில் இருக்கிறது தம்பி. மேல்கட்டையில் இல்லை. அடிக்கட்டையில் இருக்கிறது, தரைப்பக்க விளிம்பில். குழந்தை அங்கே எப்படிக் கடித்திருக்கும்? கடித்தபோது அது மேலே இருந்தது. நான் சரியாகத்தான் மாட்டியிருந்தேன்.

அந்த வக்கீலும் அதைப் பார்த்திருக்க வேண்டும். "நீங்க மாட்டினதுக்கு அப்புறம் யாராவது அதைக் கழற்றினாங்களா?" என்று கேட்டார்.

தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். "நான் இருந்த வரைக்கும் இல்லை" என்றேன். பொய்யில்லை. அவர் கையிலிருந்த தாளைப் புரட்டினார். பிறகு, "தலைகீழா மாட்டியிருக்கீங்க, அது ஒரு குழந்தையோட உயிரை எடுத்திருக்கு, இல்லையா?" என்றார்.

"ஆமாம்" என்றேன்.

அது உனக்காகச் சொன்னது. மாத்திரை வந்தது. வலிக்குக் கேட்கிறது.

அக்கா


நவம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். ஜெயித்துவிட்டோம். கட்டில் பழுதுள்ளது என்று தீர்ப்பு வந்துவிட்டது. விற்ற கட்டில்களையெல்லாம் திரும்ப வாங்கச் சொல்லியிருக்கிறார்கள். வக்கீல் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

உன்னைப் பற்றியும் தீர்ப்பில் வருகிறது. அத்தை படித்தவர், பொறுப்பானவர், அவர் செய்த தவறு யாரும் செய்யக்கூடியது என்கிறார் நீதிபதி. உன்மேல் துளிக் குற்றமில்லை. நகலில் இருந்து அப்படியே எழுதுகிறேன்:

"குழந்தைக் கட்டில் ஒரே இடத்தில் கிடப்பதில்லை. அறை மாற்றுவார்கள், வீடு மாற்றுவார்கள், கழற்றுவார்கள், மறுபடி மாட்டுவார்கள். செய்து விற்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். முதன்முதலில் மாட்டியபோது தவறு நேர்ந்ததா, பிறகு மாட்டியபோதா, மாட்டியவர் அத்தையா, தந்தையா என்பது இங்கே பொருட்டல்ல. தவறாக மாட்டினாலும் சரியாக மாட்டியதுபோலப் பூட்டிக்கொள்ளும் பொருள் பழுதுள்ள பொருள்."

பேப்பரிலும் வந்திருக்கிறது. அங்கேயும் வந்ததா? மழை அதிகமாமே, குடை இல்லாமல் வெளியே போகாதே.

அன்புடன்,
தம்பி


டிசம்பர் 9

தம்பிக்கு,

நலம். பேப்பர் இங்கேயும் வந்தது. 'அத்தை தலைகீழாக மாட்டிய கட்டிலில் குழந்தை பலி: கம்பெனியே பொறுப்பு' என்று போட்டிருந்தார்கள். எங்கள் கம்பெனியில் அதை வெட்டி யாரோ என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், ஜெயித்ததற்குச் சந்தோஷப்படட்டும் என்று.

நீ எழுதியிருந்த அந்தத் தீர்ப்பு வரியைப் பல தடவை படித்தேன். அத்தையா, தந்தையா என்பது பொருட்டல்ல. நீ உண்மையைச் சொல்லியிருந்தாலும் இதே தீர்ப்புத்தான் வந்திருக்கும். இதை எனக்கு எடுத்தெழுதி அனுப்பும்போது உனக்கு ஒன்றுமே தோன்றவில்லையா?

போன செவ்வாய்க்கிழமை உன் வீட்டுக்கு வந்தேன். நீ கடையில் இருப்பாய் என்று தெரிந்துதான் வந்தேன். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், அவள் என்னைத் திட்டுவதானால் சரியான காரணத்துக்குத் திட்டட்டும் என்று வழியெல்லாம் மனதுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் கதவைத் திறந்தாள். சுவர் பக்கம் திரும்பவில்லை. என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள்.

"ஏங்க்கா வீட்டுக்கு எழுதறதையே நிறுத்திட்டீங்க?" என்றாள்.

"என் எழுத்தைப் பார்த்தா உனக்குத் தாங்கலைன்னு அவன் சொன்னானே."

"நானா அப்படிச் சொன்னேன்?" நான் கேட்காமலேயே அவளாகத் தொடங்கினாள். "அவளுக்குச் சளி பிடிச்சிருந்ததுக்கா. ஜன்னலோரம் காத்து அடிக்குதுன்னு உள்ளே கொண்டுபோனோம். அவர்தான் கழற்றினார். நான் பக்கத்தைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். டக்குன்னு சத்தம் வந்ததும், 'சரி, விடு'ன்னார். விட்டேன்."

"அப்போ கோர்ட்ல நான் சொன்னது?"

"நீங்களே வந்து ஏத்துக்கிறேன்னு சொன்னதா சொன்னார். எவ்வளவு நல்ல மனசுன்னு நினைச்சேன். அப்படி நினைச்சுக்கிறது எனக்கும் வசதியா இருந்தது."

அவளிடம் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் உடைத்துச் சொல்லிவிட்டாள். நீதான் இரண்டு பேருக்கும் நடுவில் கதவைச் சாத்திவிட்டு, அந்தப் பக்கம் ஒன்றும் இந்தப் பக்கம் ஒன்றுமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாய். அவள் என்னை வெறுக்கிறாள் என்று நினைத்து எத்தனை நாள் செத்துப் பிழைத்தேன் தெரியுமா? நீ தப்பாக மாட்டினாய் என்பதற்காக உன்னை ஒரு சொல் சொல்ல மாட்டேன். அது யாருக்கும் நடக்கும், கோர்ட்டே சொல்லிவிட்டது. இதை எந்தக் கோர்ட் சொல்லும்?

எனக்கு ஒன்று செய். சித்திக்கு எழுது. உன் கையால், நடந்ததை நடந்தபடி. இங்கே சொந்தத்தில் யாரும் என்னிடம் குழந்தையைக் கொடுப்பதில்லை. யாரும் ஒன்றும் சொல்வதில்லை, கொடுப்பதில்லை, அவ்வளவுதான். இந்த ஊரில்தான் நான் சாகும்வரை இருக்க வேண்டும்.

அக்கா


பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அவளும் நலம். உன் நலம் அறிய ஆவல். கடை பக்கத்துத் தெருவுக்கு மாறுகிறது, மருந்துகளை அடுக்குவதற்கே நேரம் சரியாக இருக்கிறது. கம்பெனி அப்பீல் போகவில்லையாம், வக்கீல் சொன்னார். பெரிய நிம்மதி.

சித்திக்கு எழுத நினைத்தேன். வயதானவர், ரத்தக்கொதிப்பு வேறு. எல்லாம் ஆறிப்போன பிறகு மெல்ல நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. நீ எதையும் மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. முட்டிவலிக்குப் புதுத் தைலம் வந்திருக்கிறது, அனுப்புகிறேன்.

அன்புடன்,
தம்பி


மார்ச் 3

தம்பிக்கு,

நலம். தைலம் வந்தது.

நானே சித்தி வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். சித்தி, சித்தப்பா, சித்தி மகள் எல்லோரும் இருந்தார்கள். கதவு, ஜன்னல், பாப்பாவின் பல் தடம், உன் மனைவி சொன்னது, ஒன்றுவிடாமல் சொன்னேன். சித்தப்பா டிவி சத்தத்தைக்கூடக் குறைத்தார்.

முடித்ததும் சித்தி, "கோர்ட்ல சத்தியம் பண்ணி நீயே சொன்னதுதானேம்மா?" என்றாள்.

"ஆமாம், அவனுக்காகச் சொன்னேன்."

"பேப்பர்லயும் வந்துச்சே. உன்மேல தப்பில்லைன்னு ஜட்ஜே சொல்லிட்டாரு. நாங்களும் உன்னை ஒரு வார்த்தை சொல்லலையே. அப்புறம் எதுக்கு இப்போ அவன்மேல தூக்கிப் போடறே? பிள்ளையைப் பறிகொடுத்தவன்டி அவன். உன் கூடப்பிறந்தவன்."

உன் மனைவியைக் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். "அவ பாவம், அவளை ஏன் இழுக்கறே?" என்றாள் சித்தி மகள். சித்தப்பா மறுபடி டிவி சத்தத்தைக் கூட்டினார்.

நேற்றுவரை நான் கவனமில்லாதவள். இன்றைக்குப் பொய்யும் சொல்கிறவள் ஆகிவிட்டேன். நீ இனி நேரில் வந்து சொன்னாலும், அக்காவைக் காப்பாற்றத் தம்பி பழியை ஏற்றுக்கொள்கிறான், எவ்வளவு நல்ல மனசு என்றுதான் சொல்வார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் எழுத வேண்டாம்.

அக்கா